நம்ம கட்சிக்குச் சாதகமான பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க வழி கேட்டால், படத்தைத் தேடிப் பார், தேதியைக் கவனி, யார் அனுப்பியது என்று பார் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதெல்லாம் தேவைதான், கீழே சொல்லவும் போகிறேன். ஆனால் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களைக் கவனித்து வருகிறவன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சரிபார்க்கத் தெரியாமல் ஏமாறுபவர்கள் குறைவு. சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றாமல் ஏமாறுபவர்கள்தான் அதிகம். எதிர்க்கட்சிக்காரர் அனுப்பினால் நாலு கேள்வி கேட்கிற அதே ஆள், தன் கட்சிக்காரர் அனுப்பினால் படித்து முடிக்கும் முன்பே ஃபார்வர்டு செய்கிறார். அதனால் இந்த வழிகாட்டி போனிலிருந்து தொடங்கவில்லை, போனைப் பிடித்திருக்கும் ஆளிலிருந்து தொடங்குகிறது.

படி 1: கட்சி உங்களுக்கு என்னவாக இருக்கிறது என்று பாருங்கள்

நம் ஊர்களில் ஒருவருடைய கட்சியை அவர் வாய் திறக்காமலே சொல்லிவிடலாம். வேட்டிக் கரை, துண்டு, வண்டியின் முன் கண்ணாடி, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படம் எல்லாம் சொல்லிவிடும். பல வீடுகளில் அது அப்பா காலத்துக் கட்சி, சில வீடுகளில் தாத்தா காலத்துக் கட்சி.

ஓட்டு அவ்வப்போது மாறுகிறது. தர்மபுரி நாடாளுமன்றத் தொகுதியில் 2014இல் பாமகவின் அன்புமணி ராமதாஸ் வென்றார். 2019இல் திமுகவின் செந்தில்குமார் அவரைத் தோற்கடித்தார். 2021 சட்டமன்றத் தேர்தலில் தர்மபுரி மாவட்டத்தின் 5 தொகுதிகளையும் அதிமுக, பாமக கூட்டணி எடுத்தது. 2024இல் நாடாளுமன்றத் தொகுதி மறுபடி திமுகவுக்கே போனது. ஓட்டு இப்படிப் புரண்டாலும் 'நாங்க இந்தக் கட்சி' என்ற எண்ணம் அவ்வளவு சீக்கிரம் புரள்வதில்லை. கட்சியைப் பற்றிய ஒரு தகவல் தவறு என்றால், அது குடும்பத்தையே தவறு என்று சொன்னதுபோல் படுகிறது. பொய் உள்ளே நுழைவது இந்த வழியில்தான்.

பார்வையே மாறிவிடுகிறது என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. 1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு கல்வி நிறுவனங்களின் அணிகள் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு முரட்டு ஆட்டம் ஆடின. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரு பக்கத்து மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது, டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். படம் ஒன்றுதான். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவும் இல்லை.

நம் பக்கத்தில் கட்சியோடு சாதியும் பிணைந்திருக்கிறது, அதை மறைத்து எழுத முடியாது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி அருகே நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்டன. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு சாதி மறுப்புத் திருமணம். அடுத்த ஆண்டு ஜூலையில், அந்தத் திருமணத்தின் மணமகனான தலித் இளைஞர் ரயில் பாதை ஓரம் இறந்து கிடந்தார். அந்த மரணம் எப்படி நடந்தது என்று இங்கே யாரிடம் கேட்டாலும், பதில் பெரும்பாலும் சொல்பவர் எந்தப் பக்கம் என்பதைத்தான் முதலில் காட்டுகிறது. ஆதாரத்தைப் பார்ப்பதற்கு முன்பே பதில் தயாராக இருக்கிறது.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: எந்தத் தலைவரைப் பற்றித் தவறாகப் பேசினால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கிறது? எந்தத் தலைவரைப் பற்றிக் கேவலமாக வந்தால் உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கிறது? இந்த இரண்டு பெயர்களும் வரும் செய்திகளில்தான் நீங்கள் ஏமாறப் போகிறீர்கள்.

படி 2: சந்தோஷத்தைச் சந்தேகியுங்கள்

'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல' என்று மனசு சொல்கிறதா? அங்கே நிறுத்துங்கள். கோபம் வரும்போது நிறுத்தச் சொல்லி எல்லோரும் எழுதிவிட்டார்கள். குளிர்ந்து போகும்போதும் நிறுத்த வேண்டும். எதிர்த் தரப்பு கையும் களவுமாக மாட்டிக்கொண்டது என்ற செய்தியைப் படிக்கும்போது வரும் திருப்தி, கோபத்தைவிட வேகமாக விரலை நகர்த்தும்.

படித்தவர்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே எண்கள் உள்ள அட்டவணையை, தோல் களிம்பு பற்றியது என்று சிலருக்கும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பற்றியது என்று சிலருக்கும் கொடுத்தார்கள். களிம்பு என்றபோது கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியான விடைக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சட்டம் என்றதும், தங்கள் அரசியலுக்கு ஒத்துவராத விடை வரும் இடத்தில் அதே கெட்டிக்காரர்கள் தடுமாறினார்கள். கணக்கு நன்றாக வருகிறவர்களிடையே கட்சி வாரியான பிளவு குறையவில்லை, கூடியது. ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் என்ஜினீயர்களும் எங்கள் ஆசிரியர் நண்பர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படிப்பு கூடினால், பிடித்த பொய்யைக் காப்பாற்றும் வாதத் திறமையும் கூடவே கூடுகிறது.

படி 3: கட்சிப் பெயரை மாற்றிப் படியுங்கள்

ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை, ஆனால் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை இல்லை. ஒரு செய்தி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

'மாங்காய் விலை விழுந்ததற்குக் காரணம் தெரியுமா? கூழ் ஆலை முதலாளிகளோடு இந்தக் கட்சித் தலைவர் போட்ட ரகசிய ஒப்பந்தம்தான். ஊடகம் சொல்லாது. விவசாயி வீட்டுப் பிள்ளையாக இருந்தால் பகிரவும்.'

கிருஷ்ணகிரி மா விவசாயிக்கு இது சாதாரண செய்தி இல்லை. பெங்களூரா ரகத்தை மரத்திலிருந்து பறிக்கும் கூலிகூடக் கட்டுப்படியாகாத வருடங்களை அவர் பார்த்திருக்கிறார். வலி உண்மை. அந்த வலியின் மேல் ஏறித்தான் செய்தி வருகிறது. இப்போது அதில் இருக்கும் தலைவரின் பெயரை எடுத்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த தலைவரின் பெயரைப் போட்டு மறுபடி படியுங்கள். உடனே என்ன கேட்பீர்கள்? ஒப்பந்தம் எங்கே, எந்தத் தேதி, எந்த ஆலை, யார் பார்த்தது, இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விகள் எல்லாமே அசல் செய்திக்கும் பொருந்தும். முதல் தடவை படித்தபோது அவை ஏன் வரவில்லை என்பதற்கு விடை, உங்கள் தாளில் எழுதிய அந்த இரண்டு பெயர்கள்.

படி 4: செய்தியைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

அரசியல் பொய்யில் முழுப் பொய் அபூர்வம். பாதி உண்மையோடு வருவதால்தான் அது நிற்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை இந்த இரண்டு மாவட்டங்களிலும் பார்க்காதவர் இல்லை. நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடுதான் அதற்குக் காரணம். அதனால் இந்தத் திட்டத்தை 'நாங்கதான் கொண்டுவந்தோம்' என்று சொல்லாத கட்சியும் இங்கே இல்லை.

பிரித்துப் பாருங்கள். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியவர் அப்போதைய முதல்வர் கருணாநிதி. கடன் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்துடையது. கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியதும், அங்கே தேர்தல் முடியும்வரை பொறுக்கலாம் என்று அதே 2008 ஏப்ரலில் வேலையைத் தள்ளிவைத்தவரும் அவரே. 2013இல் திட்டத்தைத் தொடங்கி வைத்தவர் முதல்வர் ஜெயலலிதா. 'நாங்க அடிக்கல் நாட்டினோம்' என்பது உண்மை. 'நாங்க திறந்தோம்' என்பதும் உண்மை. 'அவங்க ஒண்ணுமே செய்யல' என்று எந்தப் பக்கம் சொன்னாலும் அது பொய். குழுவில் வரும் சண்டைகளில் பெரும்பாலும் இந்த மூன்றாவது வாக்கியத்துக்குத்தான் முதல் இரண்டும் சாட்சியாக நிறுத்தப்படுகின்றன.

எந்தச் செய்தியையும் இப்படி மூன்றாகப் பிரிக்கலாம். நடந்தது என்ன, அதற்குச் சொல்லப்படும் காரணம் என்ன, அதை வைத்து யாரைத் திட்டச் சொல்கிறார்கள்? முதலாவதைச் சரிபார்க்கலாம். இரண்டாவதற்கு ஆதாரம் கேட்கலாம். மூன்றாவது கருத்து. அதை வைத்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

படி 5: இப்போது போனை எடுங்கள்

தமிழ்நாட்டில் அதிகம் சுற்றும் அரசியல் பொய்யின் வடிவம் நியூஸ் கார்டு. டிவி சேனலின் லோகோ, தலைவரின் படம், அவர் சொன்னதாக ஒரு வரி. செய்ய ஐந்து நிமிடம் போதும். அதனால் ஒரு கார்டு வந்தால் அந்தச் சேனலின் சொந்த ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் பக்கத்துக்குப் போய், கார்டில் உள்ள தேதிக்கு இறங்கிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் நம்ப வேண்டாம். இருக்கிறது என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய உண்மையான கார்டில் நடுவில் உள்ள வரியை மட்டும் அழித்து வேறு எழுதியிருப்பார்கள். எழுத்துரு கொஞ்சம் தடித்திருக்கும், வரி ஓரத்தை ஒட்டியிருக்கும், அழித்த இடத்தில் பின்னணி நிறம் ஒரு பொட்டு வெளுத்திருக்கும். அந்தச் சேனல் வழக்கமாகத் தேதி போடும் இடத்தில் தேதி இருக்காது.

தலைவர் மேடையில் பேசிய துண்டு வீடியோ என்றால், முழுப் பேச்சை யூடியூபில் தேடி, அந்த இடத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்து கேளுங்கள். 'எதிர்க்கட்சிக்காரர்கள் இப்படிச் சொல்கிறார்கள்' என்று அவர் தொடங்கிய வாக்கியத்தின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் அனுப்புவது பழகிப்போன வேலை.

படத்துக்கு கூகுள் லென்ஸ் போதும். பஸ்ஸின் நிறம், கடைப் பலகை, வண்டி எண் இவற்றையும் பாருங்கள். ஆனால் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் தெலுங்கு, கன்னட எழுத்து இருப்பது சகஜம். ஆந்திராவின் குப்பம் ஊர் பஸ் இங்கே வந்து போகிறது. அதை மட்டும் வைத்து 'இது நம்ம ஊரே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி போட்டு வரும் செய்தி, பல கை மாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அதைச் சுற்ற, பலர் நகலெடுத்து ஒட்டிப் புதிதாக அனுப்புகிறார்கள். அம்புக்குறி இல்லை என்பதால் சொந்தமாக எழுதியது என்று அர்த்தமில்லை.

உண்மை சரிபார்ப்புத் தளங்களில் யூடர்ன், நியூஸ்மீட்டர், ஃபேக்ட் கிரெசெண்டோ போன்றவை தமிழில் எழுதுகின்றன. தீர்ப்பை மட்டும் படிக்காமல், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் படித்து, அதே வழியில் நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகம் 2023 முதல் இருக்கிறது, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் சரிபார்க்கிறது. அரசாணை உண்மையா போலியா, தேர்வுத் தேதி மாறியதா என்பதற்கு இவை உதவும். அரசின் மேல் வரும் குற்றச்சாட்டில் அரசே ஒரு தரப்பு என்பதை மறக்க வேண்டாம். மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைப் பொய் என்று தானே அறிவிக்கும் அமைப்புக்காகக் கொண்டுவந்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

படி 6: 'தெரியல' என்று சொல்லிப் பழகுங்கள்

அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அரசியல் கேள்விகளுக்குச் சரியான விடை சொன்னால் சிறு தொகை என்றார்கள். இரண்டு கட்சிக்காரர்களின் விடைகளுக்கு இடையே இருந்த தூரம் வெகுவாகச் சுருங்கியது. 'தெரியாது' என்று ஒப்புக்கொண்டாலும் கொஞ்சம் காசு என்றபோது இன்னும் சுருங்கியது. பலர் உறுதியாக நம்பிச் சொல்வதில்லை, கட்சிக்காகச் சொல்கிறார்கள் என்பதுதான் இதிலிருந்து தெரிவது. டீக்கடையில் காசு கொடுக்க யாரும் வரமாட்டார்கள். அங்கே 'எனக்கு முழுசாத் தெரியலப்பா' என்று சொல்கிற முதல் ஆளாக நீங்கள் இருங்கள்.

படி 7: சொந்தக்காரரிடம் பேசும் விதம்

எல்லாப் படியிலும் கஷ்டமானது இதுதான். குழுவில் எல்லோர் முன்னிலையிலும் 'மாமா, இது பொய். உங்க கட்சிக்காரங்க எப்பவும் இப்படித்தான்' என்று போட்டால் கதை முடிந்தது. அவர் இனி அந்தச் செய்திக்காகப் பேசமாட்டார், தன் மரியாதைக்காகப் பேசுவார்.

தனியாகப் பேசுங்கள். எடுத்துக்காட்டாக, ஊத்தங்கரை வெள்ளத்தை வைத்து ஒரு தவறான வீடியோ வருகிறது என்று கொள்வோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது அங்கே ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டி, நின்றிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு போனது.

"மாமா, காலையில வெள்ள வீடியோ போட்டிருந்தீங்களே, எங்கிருந்து வந்துச்சு?"

"கட்சி குரூப்ல ஒன்றியச் செயலாளர் போட்டாரு மாப்ள. ஏன்?"

"அதுல பின்னாடி நிக்கிற பஸ்ஸக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க. போர்டு மலையாளத்துல இருக்கு."

"அட, ஆமா."

"ஊத்தங்கரையில தண்ணி வந்ததும் நிஜம், வண்டிங்க போனதும் நிஜம். அரசாங்கம் முன்னாடியே சொல்லலங்கிற உங்க கோவமும் இருக்கட்டும். இந்த வீடியோ மட்டும் அது இல்ல மாமா. இத வச்சே நீங்க சொன்ன மத்ததையும் பொய்யின்னுடுவாங்க."

"அதுவும் சரிதான். எடுத்துடறேன் இரு."

இதில் மருமகன் தீர்ப்பு சொல்லவில்லை. பஸ்ஸை மாமாவே பார்க்கும்படி செய்தார். மாமாவின் கட்சியைத் தொடவில்லை, கோபத்தையும் தொடவில்லை, வீடியோவை மட்டும் தொட்டார்.

ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. திருத்தினால் பொய்யை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று 2010இல் நைஹன், ரீஃப்லர் என்பவர்கள் எழுதிய கட்டுரை பிரபலமானது. பிறகு வுட், போர்ட்டர் என்ற இருவர் பல தலைப்புகளில் சோதித்தபோது அப்படிப் பொதுவாக நடப்பதாகத் தெரியவில்லை. திருத்தத்தைப் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது டிரம்ப் சொன்ன குற்றப் புள்ளிவிவரம் தவறு என்று காட்டியபோது அவருடைய ஆதரவாளர்களும் எண்ணை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் அவர்மேல் இருந்த பிரியம் குறையவில்லை. அதனால் எண்ணைத் திருத்துங்கள், ஓட்டை மாற்றப் போகாதீர்கள். இந்தியாவில் சுமித்ரா பத்ரிநாதன், சைமன் ஷோஷார்ட் செய்த ஆய்வு, வாட்ஸ்அப் உரையாடலில் சக உறுப்பினர் ஒருவர் ஆதாரம் காட்டாமல் 'இது உண்மையில்லன்னு நினைக்கிறேன்' என்று சொன்னாலே நம்பிக்கை குறைவதைக் கண்டது. நீங்கள் நிபுணராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

படி 8: ஒரு மணி நேர வகுப்பை நம்பாதீர்கள், பிள்ளைகளிடம் தொடங்குங்கள்

அதே சுமித்ரா பத்ரிநாதன் 2019 நாடாளுமன்றத் தேர்தலின்போது பீகாரில் 1,224 பேரிடம் ஒரு சோதனை செய்தார். வீடு தேடிப்போய் ஒரு மணி நேரம் பயிற்சி. மொத்தத்தில் பலன் இல்லை. பாஜக ஆதரவாளர்களோ, தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களைக் கண்டுபிடிப்பதில் பயிற்சிக்குப் பிறகு இன்னும் பின்தங்கினார்கள். இதை ஒரு கட்சியின் குணம் என்று படித்தால், முதல் படிக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

பிறகு அதே மாநிலத்தில் 13,000க்கும் மேற்பட்ட பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல வாரங்கள் இந்த வகுப்பு நடத்தியபோது நல்ல பலன் கிடைத்தது, மாதங்கள் கழித்தும் நின்றது, பெற்றோருக்கும் பரவியது. நம் பள்ளிகளிலும் நூலகங்களிலும் இதைச் செய்யலாம். வாரம் ஒரு நியூஸ் கார்டு போதும். ஒரே நிபந்தனை: ஒரு வாரம் ஆளுங்கட்சிக்குச் சாதகமான பொய் என்றால் அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்குச் சாதகமானது. இல்லையென்றால் ஆசிரியரின் கட்சி எது என்பதைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

படி 9: ஓட்டு எண்ணும் நாள்

தோற்ற பக்கத்துக்கு இயந்திரத்தின்மேல் சந்தேகம் வரும், ஜெயித்த பக்கத்துக்கு வராது. அடுத்த தேர்தலில் இடம் மாறும். 2021இல் கிருஷ்ணகிரித் தொகுதியின் வித்தியாசம் வெறும் 794 ஓட்டு. இப்படி வரும்போது வதந்தி பறக்கும். கையில் வைத்துக்கொள்ள வேண்டியது படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தச் சாவடியில் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதி, முகவர்களுக்குக் கொடுப்பார்கள். எண்ணும்போது இயந்திரம் காட்டும் மொத்தத்தோடு அதை ஒப்பிடலாம். 'எங்க பூத்ல நூறு ஓட்டு கூடுதலா வந்துச்சு' என்று யாராவது சொன்னால், உங்கள் கட்சி முகவராகவே இருந்தாலும், 17சி நகலைக் கேளுங்கள்.

படி 10: உயிரைக் குடிக்கும் வதந்திக்கு இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்காதீர்கள்

2018 மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த வயதான பெண்மணி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பீகார் முழுக்கப் பரவியது. வேறு சம்பவங்களின் வீடியோக்கள், நடித்து எடுத்த வீடியோகூட அதில் இருந்தது. அங்கே அது எதிர்த் தரப்பை அடிக்கும் அரசியல் ஆயுதமாக ஆனது. ஓசூர் சிப்காட் பகுதியில் வேலை பார்க்கும் வட மாநிலத்துப் பையன்களுக்கு வீட்டிலிருந்து வந்த போன் வேறு மாதிரி: உயிரோடு இருக்கிறாயா, கிளம்பி வா.

ஒரு ஆளையோ, சாதியையோ, மொழிக்காரரையோ, மதத்தவரையோ குறிவைத்து 'வந்துட்டாங்க, விடாதீங்க' என்கிற தொனியில் செய்தி வந்தால், உண்மையா பொய்யா என்று ஆராயும் வேலை உங்களுடையது இல்லை. பொய்யென்று காட்டுவதற்காகக்கூட அந்த வீடியோவை மறுபடி அனுப்ப வேண்டாம். எண், நேரம், குழுவின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 100க்கு அழைத்துச் சொல்லுங்கள். குழு அட்மினைக் கூப்பிட்டு அந்தச் செய்தியை எல்லோருக்குமாக அழிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு, அங்கே இப்போது என்ன நிலைமை என்று கேட்டு, அவர் சொன்னதை உங்கள் சொந்தக் குரலில் குழுவில் பதிவு செய்து போடுங்கள்.